மின்கம்பியில் சுருதி சேராது

காதுக்குச் சற்று மேலே உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்து இருபது நிமிடம் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினால் சுருதி ஞானம் கூடும். இதை அறிவியல் நிரூபித்துவிட்டது. இனி வருஷக்கணக்கில் சரளி வரிசையோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. இந்தப் பேச்சு படித்தவர்கள் நடுவே வேரூன்றிவிட்டது. அறிவியல் செய்தியாகப் புறப்பட்டு, கைப்பேசிக் காணொளியாகப் பரவி, இப்போது பெற்றோர் வாயில் கேள்வியாக வந்து நிற்கிறது. என்னிடம் பாட்டுக் கற்கும் எட்டு வயதுப் பெண்ணின் அப்பா போன மாதம் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டீச்சர், அந்த மெஷின் ஒண்ணு வாங்கி வெச்சா பாப்பாவுக்குச் சுருதி சீக்கிரம் நின்னுடுமா?"

நிற்காது என்று அப்போதே சொன்னேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பவரிடம் காரணம் முழுவதையும் சொல்ல முடியவில்லை. அதை இங்கே சொல்கிறேன்.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிட வேண்டும். அது வெறும் வதந்தி கிடையாது. 2003இல் பாஸ்டனில் நாடின் காப், காட்ஃப்ரீட் ஷ்லாக் ஆகியோரின் குழு, சுரங்களை நினைவில் வைத்து ஒப்பிடுபவர்களின் மூளையைப் படம்பிடித்தது. நன்றாக ஒப்பிட்டவர்களுக்கு இடது சூப்ராமார்ஜினல் கைரஸ் என்ற பகுதி கூடுதலாக வேலை செய்தது. காதுக்கு மேலே, சற்றுப் பின்தள்ளி இருக்கும் மூளை மடிப்பு அது. 2006இல் அதே பாஸ்டனில் பிராட்லி வைன்ஸும் ஷ்லாக்கும் அந்த இடத்துக்கு மேலே எதிர்மின்வாயை வைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். சுருதி நினைவு குறைந்தது. வலப்பக்கத்தில் வைத்தபோது அப்படிக் குறையவில்லை. 2013இல் லண்டனில் நோரா ஷாலும் அவருடன் பணியாற்றியவர்களும் நேர்மின்வாயை வைத்தார்கள். சுருதி நினைவு கூடியது. கண்ணால் பார்த்து நினைவில் வைக்கும் வேலையில் மாற்றமில்லை. ஆக, இடம் தெரிந்துவிட்டது, அடக்கினால் குறைகிறது, தூண்டினால் கூடுகிறது. பிறகென்ன, தூண்டிவிட வேண்டியதுதானே? சங்கீத வீட்டில் பிறக்காத குழந்தைக்கும் நல்ல காது கிடைக்குமே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் ஒவ்வொரு படியிலும் வழுக்குகிறது.

1. எவ்வளவு நேர நினைவைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

பாஸ்டன் ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். ஆறு அல்லது ஏழு ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வரிசை முழுவதற்கும் ஆகும் நேரம் 4.6 விநாடி. கடைசி ஒலியோ அதற்கு முந்தியதோ முதல் ஒலியோடு ஒன்றா, வேறா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். ராகம் இல்லை, தாளம் இல்லை, சாகித்தியம் இல்லை.

சோதனையைக் குறை சொல்லவில்லை. மிக நல்ல சோதனை. 1970இலேயே டயானா டாய்ச் ‘சயன்ஸ்’ இதழில் அழகான ஒன்றைக் காட்டியிருந்தார். ஒரு சுரத்தைக் கேட்கவைத்து, ஐந்து விநாடி கழித்து இன்னொரு சுரத்தோடு ஒப்பிடச் சொன்னார். இடைவெளியில் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தால் நினைவு அவ்வளவாகக் கலையவில்லை. அதே இடைவெளியில் வேறு சுரங்களை ஒலிக்கவிட்டால் கலைந்துபோனது. சுரத்தைத் தற்காலிகமாகத் தாங்கிவைக்கத் தனி இடம் ஒன்று மனதில் உண்டு, அதைச் சுரங்கள்தான் கலைக்கும் என்று அதிலிருந்து புரிந்தது. மின்சாரம் பாய்ச்சிய ஆய்வுகள் அந்தத் தற்காலிகத் தாங்கலைத்தான் அளக்கின்றன. விநாடிகளில் அளக்கின்றன.

இனி அந்த எட்டு வயதுப் பெண்ணுக்கு எது வரவில்லை என்று சொல்கிறேன். சுருதிப் பெட்டி 5 கட்டையில் ஒலிக்கிறது. "ஸா" பிடி என்றால் பிடிக்கிறாள், சுத்தமாக. ஐந்து விநாடி கழித்து ஒலிக்கும் ஸட்ஜமம் அதுவா, இல்லையா என்று கேட்டால் சரியாகச் சொல்கிறாள். பாஸ்டன் சோதனையில் அவள் தேறிவிடுவாள். ஆனால் கீதத்தின் மூன்றாவது வரியை முடிக்கும்போது அவளுடைய ஸட்ஜமம் மயிரிழை இறங்கியிருக்கிறது. அது அவளுக்குத் தெரியவில்லை. பெட்டி பக்கத்திலேயே ஒலித்துக்கொண்டிருக்கிறது, நினைவில் வைக்கவே தேவையில்லை; இருந்தும் இறங்குகிறாள். ஏனென்றால் அவள் கவனம் முழுவதும் வார்த்தையிலும் தாளத்திலும் போய்விட்டது. காது பெட்டியை விட்டுவிட்டது. தொண்டை தளர்ந்ததைக் காதிடம் சொல்ல யாருமில்லை. இதில் சூப்ராமார்ஜினல் கைரஸ் எங்கே வருகிறது? நான் மேலே சொன்ன ஆய்வுகளில் தொண்டைக்கு வேலையே கிடையாது.

தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பதைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். பிரடையைத் திருகிப் பஞ்சமத்தைச் சேர்க்கிறோம், சாரணியையும் அனுசாரணியையும் ஒன்றாக்குகிறோம், மணியை நகர்த்தி நுணுக்கமாகச் சரிசெய்கிறோம். பிறகு குதிரையின்மேல் தந்திக்கு அடியில் இருக்கும் ஜீவாளி நூலை இம்மி இம்மியாக நகர்த்துகிறோம். ஓர் இடத்தில் தந்தி திடீரென்று பேச ஆரம்பிக்கும். மந்தரத்தை மீட்டினால் அதற்குள்ளிருந்து அந்தர காந்தாரம் தானாகக் கிளம்பிவரும். அங்கே யாரும் எந்த ஒலியையும் "நினைவில்" வைத்து ஒப்பிடுவதில்லை. இருக்கிற ஒலிக்குள் இன்னும் ஆழமாகக் கேட்கிறோம். கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் கேட்டல்தான்.

ராகத்துக்கு வந்தால் வாதம் இன்னும் தளர்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரம் அல்ல. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பது அது. அசைவை நிறுத்தி ஒற்றைச் சுரமாகப் பிடித்தால் தோடி செத்துவிடும். 1 கட்டையில் பாடினாலும் 5 கட்டையில் பாடினாலும் அது தோடிதான். எனவே ஒலியின் உயரம் இன்னதென்று நினைவு வைப்பதால் அது வராது. எந்த அசைவு, எவ்வளவு வேகம், எதிலிருந்து எதற்கு என்பதெல்லாம் பல வருஷம் கேட்டுப் பாடிப் படிந்த நினைவு. 4.6 விநாடிச் சோதனையில் பெற்ற முன்னேற்றத்தை எடுத்து இதன்மேல் ஒட்டுவதற்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

2. அச்சாணியைப் பிடுங்கினால் தேர் நிற்கும். இரண்டு அச்சாணி செருகினால் தேர் வேகமாக ஓடுமா?

ஓரிடத்தை அடக்கும்போது திறன் குறைகிறது என்றால், அந்த வேலைக்கு அந்த இடம் தேவை என்று பொருள். 2006 ஆய்வு கேட்ட கேள்வியும் அதுதான். மூளைப் படத்தில் ஓரிடம் ஒளிர்வதால் மட்டும் அங்கேதான் வேலை நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது, உடன்நிகழ்வாக இருக்கலாம். மின்சாரத்தால் அந்த இடத்தைச் சற்றே தொந்தரவு செய்து பார்த்தால் காரண உறவு தெரியும். அறிய உதவும் கருவியாக இது மிக நேர்த்தியானது. அதைப் பயிற்சிக் கருவியாக எடுத்துக்கொள்வது நம்முடைய அவசரம்.

2013இல் கூடியதே என்பார்கள். கூடியது, உண்மை. யாருக்கு? இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்கு. எப்போது? மின்சாரம் பாய்ச்சிய அந்த ஒரே அமர்வில். அந்தக் கூடுதல் அடுத்த மாதம் ஒரு வர்ணத்தை விரைவில் பாடம் பண்ண உதவும் என்பது அந்த ஆய்வு காட்டிய முடிவு அல்ல. கேட்பவர் தாமே சேர்த்துக்கொண்டது.

3. எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்?

மின்சார ஆதரவாளர்கள் வசதியாக மறந்துவிடும் ஆய்வு 2015இல் வந்தது. நோரா ஷாலும் டியூசல்டார்ஃப் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. இந்த முறை இசைக்கலைஞர்கள், இசை பயிலாதவர்கள் என்று இரு தரப்பினரையும் அழைத்து, எதிர்மின்வாயை இடதுபுறமும் வலதுபுறமும் வைத்துப் பார்த்தார்கள். பயிலாதவர்களுக்கு இடதுபுறம் அடக்கினால் நினைவு குறைந்தது. இசைக்கலைஞர்களுக்கு இடதுபுறம் அடக்கியபோது ஒன்றுமே ஆகவில்லை! வலதுபுறம் அடக்கியபோதுதான், அதுவும் அடையாளம் காணும் ஒரு வேலையில் மட்டும், சறுக்கல் ஏற்பட்டது.

இந்த ஒரு முடிவு போதும், வாதம் முழுவதையும் திருப்பிப்போட. பயிற்சி பெற்ற மூளை அதே வேலையை வேறுவிதமாகச் செய்கிறது. சாதகம் என்பது இருக்கிற குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டும் காரியமாக இருந்திருந்தால் இடது பக்கம் அப்படியே இருந்து இன்னும் பலப்பட்டிருக்க வேண்டும். வேலையே இடம் மாறியிருக்கிறது. அப்படியானால், மூன்று வருஷம் கற்ற மாணவிக்குப் பஞ்சை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? இன்னும் இடதுதானா, வலதுக்கு வந்துவிட்டதா, இரண்டுக்கும் நடுவழியில் இருக்கிறதா? பழைய வழியையே மின்சாரம் கொடுத்துப் பலப்படுத்தினால் புதிய வழி திறப்பதற்கு அது உதவுமா, குறுக்கே நிற்குமா? விற்கிறவர்களிடம் இதற்குப் பதில் கிடையாது. பதில் இல்லாமலே விற்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. காப், ஷ்லாக் குழுவே 2006இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், இசை பயிலாதவர்களுக்கு ஐந்து நாள் சுருதி நினைவுப் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். மின்சாரம் எதுவுமில்லை. நன்றாக முன்னேறியவர்களுக்கு அதே இடது சூப்ராமார்ஜினல் கைரஸில் செயல்பாடு கூடியிருந்தது. எந்த இடத்தை எழுப்ப மின்கம்பி வேண்டும் என்கிறார்களோ, அந்த இடத்தை ஐந்து நாள் கேட்டலே எழுப்பியிருக்கிறது.

4. மின்சாரம் நீங்கள் நினைத்த இடத்துக்குப் போவதே இல்லை.

2018இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, இறந்தவர்களின் உடலில் அளந்து பார்த்தது. தலையில் செலுத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தோலும் தசையும் மண்டையோடுமே தின்றுவிடுகின்றன. ஆய்வுகளில் பாய்ச்சுவதே ஒன்று, இரண்டு மில்லி ஆம்பியர்.

மிச்சம் போய்ச் சேர்வதும் சொன்னபடி கேட்பதில்லை. நேர்மின்வாய் தூண்டும், எதிர்மின்வாய் அடக்கும் என்ற சூத்திரம் 2000இல் கோட்டிங்கனில் நிட்சேயும் பவுலஸும் கையசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் கண்டறிந்தது. அதே கோட்டிங்கனில் 2013இல், 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை 20 நிமிடம் எதிர்மின்வாய் வழியாகச் செலுத்தியபோது அது அடக்குவதற்குப் பதில் தூண்டியது. 2014இல் லண்டன் ஆய்வாளர்கள் 53 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்குப் பெரிதாக ஒரு விளைவும் இல்லை. மீதிப் பேருக்கு எந்த மின்வாயை வைத்தாலும் தூண்டல்தான். 2015இல் மெல்போர்னின் ஹார்வத் குழு, ஒற்றை அமர்வு ஆய்வுகளைத் திரட்டி அலசி, சிந்தனைத் திறன்களில் நம்பத்தக்க விளைவு எதுவும் தெரியவில்லை என்று எழுதியது. அலசிய முறை பற்றி மற்றவர்கள் சண்டை போட்டார்கள், அது வேறு விஷயம். நிபுணர்களே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒன்றை "நிரூபித்தாயிற்று" என்று சொல்வதற்கு எப்படி மனம் வருகிறது?

ஓரிடத்தில் நான் முழு மனதோடு வழிவிடுகிறேன். பிறவியிலேயே சுருதி பிடிபடாத நிலை ஒன்று உண்டு. அமியூசியா என்பார்கள். நூறு பேரில் ஒன்று, ஒன்றரைப் பேருக்கு இருக்கலாம். தெரிந்த மெட்டும் அவர்களுக்கு மெட்டாகக் கேட்பதில்லை. சுருதியை நினைவில் வைக்கும்போது அவர்களுடைய வலது முன்மூளையில் 30 முதல் 40 ஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் குறைந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் ஷால் குழு 2015இல் அதே இடத்தில் 35 ஹெர்ட்ஸில் மாறுமின்சாரம் கொடுத்துப் பார்த்தது. சுருதி நினைவு மேம்பட்டது. 90 ஹெர்ட்ஸில் மேம்படவில்லை. குறை இன்னதென்று கண்டு, அந்தக் குறைக்கு ஏற்ற தூண்டலைத் தேர்ந்து, ஒப்பிட வேறோர் அலைவரிசையையும் வைத்திருக்கிறார்கள். பங்கேற்ற அமியூசியாக்காரர்கள் பத்துப் பேருக்கும் குறைவு என்பதால் இன்னும் பல ஆய்வுகள் தேவை, ஆனாலும் இந்தப் பாதை தொடர வேண்டும் என்றே விரும்புகிறேன். வாழ்நாள் முழுவதும் பாட்டு வெறும் இரைச்சலாகக் கேட்ட ஒருவருக்கு அது பாட்டாகக் கேட்குமானால் அதைவிடப் பெரிய காரியம் வேறில்லை. ஆனால் சுருதி விலகிப் பாடும் எட்டு வயதுக் குழந்தை அமியூசியாக்காரி அல்ல. அவள் கற்றுக்கொண்டிருப்பவள்.

5. விலையை யார் கொடுப்பது?

பணத்தைச் சொல்லவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் யூகுலானோவும் கோஹென் கடோஷும் 2013இல் வெளியிட்ட ஆய்வுக்கு வைத்த தலைப்பிலேயே "விலை" என்ற பொருள் இருக்கிறது. புதிய எண் குறிகளைக் கற்பவர்களுக்கு மூளையின் ஒரு பகுதியில் மின்சாரம் கொடுத்தபோது கற்கும் வேகம் கூடியது. ஆனால் கற்றது தன்னியல்பாக வருவது குறைந்தது. வேறொரு பகுதியில் கொடுத்தபோது இதற்கு நேர்மாறு. அதை அப்படியே பாட்டுக்குப் பொருத்த முடியாது, தெரியும். ஆனால் பாட்டில் எல்லாமே தன்னியல்பாக வருவதில்தான் இருக்கிறது. சுரம் தன்னால் விழ வேண்டும் என்பதற்குத்தான் ஜண்டை வரிசையை மூன்று காலத்திலும் பாடச் சொல்கிறோம். ஒரு கையால் வேகத்தைக் கொடுத்து மறு கையால் இதைப் பறிக்கக்கூடிய ஒன்றைக் குழந்தை தலையில் கட்டிப் பார்க்கலாம் என்பதா?

கடையில் விற்ற தலைக்கருவி ஒன்றை நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துச் சோதித்தபோது, பயன்படுத்தியவர்களின் செயல்நினைவு கூடுவதற்குப் பதில் மோசமானது. 2016இல் இந்தத் துறையின் ஆய்வாளர்களே சேர்ந்து, வீட்டில் தாமே மின்சாரம் பாய்ச்சிக்கொள்பவர்களுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். மின்வாய்க்கு அடியில் இல்லாத பகுதிகளும் பாதிக்கப்படலாம். பாய்ச்சும்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையலாம். ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று எச்சரித்தார்கள். மின்சாரத்துக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர்கள் சொன்னது இது. குழந்தையின் மண்டையோடு மெல்லியது, தலை சிறியது. பெரியவர்களுக்கு அளந்த மின்சாரம் அங்கே அதே அளவில் நிற்காது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளை வேறு.

மருத்துவர் மேற்பார்வையில் மனச்சோர்வு போன்ற நோய்களுக்கு மூளைத் தூண்டல் தருவதை இதோடு குழப்ப வேண்டாம். அங்கே நோய் இருக்கிறது, துன்பம் இருக்கிறது, எடை போட்டுப் பார்க்க இரண்டு தட்டுகள் இருக்கின்றன. சுருதி விலகுவது நோயே இல்லை.

6. சமத்துவத்தின் பெயரால் கேட்கிறீர்களா?

எதிர்த்தரப்பின் மிக நல்ல வாதம் இது. நானே ஒரு காலத்தில் இதில் மயங்கியவள்தான். சங்கீத வீட்டுக் குழந்தை தொட்டிலிலேயே தம்பூரா கேட்கிறது. மற்ற குழந்தைக்கு அது கிடைக்கவில்லை. இந்தப் பள்ளத்தை ஒரு கருவி நிரப்பினால் என்ன தவறு?

தொட்டிலில் கிடைத்தது என்னவென்று பாருங்கள். ஒலி, நேரம், "கொஞ்சம் இறங்கிட்டே பாரு" என்று சொல்ல ஒரு பெரியவர். இம்மூன்றில் எதை மின்சாரம் தருகிறது? கைப்பேசியில் தம்பூரா செயலி இலவசமாகக் கிடைக்கிறது. மாநகராட்சிப் பள்ளியில் ஒரு சுருதிப் பெட்டியும், அதன் முன்னால் வாரம் இரண்டு நாள் உட்கார ஓர் ஆசிரியரும் இருந்தால் அந்தப் பள்ளம் கண்ணெதிரே தூர்ந்துவரும். அதற்குக் குரல் கொடுக்காத சமத்துவம் கருவி வாங்கும்போது மட்டும் ஏன் விழித்துக்கொள்கிறது? அப்படி ஒரு கருவி வந்தாலும் அதை முதலில் வாங்குவது யாராக இருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"காது இல்லாதவர்கள்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1994இல் டேனியல் லெவிட்டின், தங்களுக்குப் பிடித்த பாட்டை நினைவிலிருந்து பாடும்படி 46 பேரைக் கேட்டார். அவர்களில் 40 சதவீதம் பேர், இரண்டு முயற்சிகளில் ஒன்றிலாவது இசைத்தட்டில் இருந்த அதே சுருதியில் பாடினார்கள். 44 சதவீதம் பேர் இரண்டு முறையும் இரண்டு அரைச்சுரங்களுக்குள் நின்றார்கள். சுரத்தின் பெயர் தெரியாமலே சுருதி உள்ளே படிந்திருக்கிறது. அதைப் படியவைத்தது திரும்பத் திரும்பக் கேட்டது.

அந்த அப்பாவிடம் நான் கேட்டது ஒன்றுதான். காலையில் குழந்தைக்குத் தலை பின்னும்போது கைப்பேசியில் 5 கட்டை தம்பூராவைப் போட்டுவிடுங்கள். பாடச் சொல்ல வேண்டாம், திருத்த வேண்டாம், ஒலிக்கட்டும். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் செய்தார். ஐந்தாவது வாரம் அதே கீதத்தின் மூன்றாவது வரியில் அவள் சட்டென்று நிறுத்தினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியின் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "டீச்சர், எனக்கு ஸா எறங்கிடுச்சு" என்றாள். மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.